மாலை போடாத போட்டோ

வடமதுரை
14.6.1998

தம்பி பாண்டிக்கு,

நல்லாருக்கியான்னு கேக்கத்தான் பேனாவ எடுத்தேன். கேக்க மனசு வரல. நடந்தத எழுதுறேன், படிச்சுட்டு நீயே சொல்லு.

ஒங்க தெற்காசிய இளையோர் சங்கத்துலேர்ந்து நீ படிச்ச பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு கம்ப்யூட்டர் அனுப்பினீங்கள்ல, அந்தப் பொட்டிக்குள்ள ஒரு வீடியோ கேசட்டும் இருந்திருக்கு. ஏப்ரல்ல அங்க நடந்த விருந்து விழாவாம். ஊருக்கு ஒழைச்சவங்களுக்குக் கேடயம் குடுத்து, அத வச்சு சங்கத்துக்கு நிதி தெரட்டுற விழான்னு எழுதியிருந்தியே, அதேதான். இந்த வருசம் ஒனக்கும் கேடயம்னதும் ஹெட்மாஸ்டர் சௌகத் அலி சாருக்குத் தலைகால் புரியல. நம்ம பாண்டியராஜ் அமெரிக்காவுல மேடை ஏறியிருக்கான், எல்லாரும் வாங்கன்னு தெருத்தெருவா ஆளனுப்பிட்டாரு.

அமெரிக்கக் கேசட்டு நம்ம ஊரு டெக்குல ஓடாதாமே. பக்கத்து வீட்டு சைதூன்கிட்ட எந்த நாட்டுக் கேசட்டும் ஓடுற துபாய் டெக்கு இருக்குன்னு அதத் தூக்கியாந்து மாட்டுனாங்க. அம்மாவுக்கு மொத வரிசையில நாற்காலி. தீவாளிக்கு நீ பணம் அனுப்பி எடுத்த கத்திரிப்பூ கலர் சீலையக் கட்டிக்கிட்டு, பொண்ணு பாக்க வந்தவ மாதிரி நிமிந்து உக்காந்திருந்துச்சு.

டிவியில பெரிய மண்டபம், வட்ட வட்ட மேசை. நீ கோட்டு சூட்டோட வந்த. பிள்ளைக கையத் தட்டுச்சுக. அம்மா என் கையப் புடிச்சு அமுக்குச்சு. நீ என்னமோ இங்கிலீசுல பேச ஆரம்பிச்ச. செத்த நேரத்துல ஒனக்குப் பின்னாடி தெரை வெலகுச்சு. அங்க அம்மா போட்டோ. என் கல்யாணத்துல எடுத்ததுல மத்த ஆளுகள வெட்டிட்டு அம்மா மொகத்த மட்டும் பெருசாக்கி, பிரேம் போட்டு, அதுக்கு மல்லியப்பூ மாலை போட்டு, முன்னால குத்துவெளக்கு ஏத்தி வச்சிருக்கு.

சௌகத் அலி சார் ஓடிப்போய் சுச்ச அமத்துனாரு. அதுக்குள்ள மண்டபத்துல இருந்த அம்புட்டுப் பேரும் எந்திரிச்சு தலைகுனிஞ்சு நின்னத எல்லாரும் பாத்துட்டோம்.

அம்மா எந்திரிச்சு நேரா வீட்டுக்கு வந்துச்சு. அடிபைப்புக்குப் போய், கட்டுன புதுச்சீலையோட நாலு கொடம் தண்ணிய தலையில ஊத்திக்கிச்சு. எழவு வீட்டுக்குப் போய்ட்டு வந்தா ஊத்துவோமே, அப்படி. யாருக்கும்மா தலை முழுகுறன்னு கேட்டேன். எனக்குத்தான்டின்னுச்சு.

அன்னிலேர்ந்து தெருப் பொம்பளைக ஒவ்வொருத்தியா வந்து, ஒனக்கு ஆயுசு கெட்டி மூக்காயின்னு சொல்லிச் சிரிச்சுட்டுப் போறாளுக. அம்மாவும் சிரிக்குது. அவளுக போனப்புறம் சோறு எறங்கல. என்னடா பண்ணி வச்சிருக்க?

அக்கா
அறிவுச்செல்வி


எடிசன், நியூஜெர்சி
3.7.1998

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படித்ததிலிருந்து மனம் சரியில்லை. பெரிய தவறு நடந்துவிட்டது, ஆனால் யாரும் வேண்டுமென்று செய்ததில்லை.

மேடை அலங்காரமெல்லாம் சங்கத்துப் பிள்ளைகள் பொறுப்பு. பவித்ரா என்று ஒரு பெண், பதினாறு வயது, இங்கேயே பிறந்து வளர்ந்தவள். என்னைக் கேட்காமலே என் ஆல்பத்திலிருந்து படத்தை எடுத்துப் பெரிதாக்கி, ராத்திரி முழுக்க உட்கார்ந்து அவளே பூ கட்டியிருக்கிறாள். மாலை என்றால் மரியாதை, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். உயிரோடு இருக்கிறவர் கழுத்தில் போடலாம், படத்துக்குப் போடக்கூடாது என்று இந்த ஊரில் யார் சொல்லிக் கொடுப்பார்கள்? திரை விலகும்போதுதான் நானே பார்த்தேன். முந்நூறு பேருக்கு முன்னால் போய் மாலையைக் கழற்ற முடியுமா?

சங்கத்தைத் தப்பாக நினைத்துவிடாதே. கடையிலும் பெட்ரோல் பங்கிலும் இரண்டு ஷிப்டு பார்க்கிறவர்களின் பிள்ளைகள், பள்ளிக்கூடம் விட்டால் போக்கிடம் இல்லாத பிள்ளைகள், இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், இலங்கை என்று எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே படிக்கிறார்கள். அந்த ஒரு விழாவை நம்பித்தான் அந்தக் கூரை நிற்கிறது.

அம்மாவிடம் பக்குவமாகச் சொல். சின்னப் பிள்ளைகள் அறியாமல் செய்தது என்று சொன்னால் புரிந்துகொள்ளும். வேலை கழுத்தைப் பிடிக்கிறது, இந்த வருடமும் வர முடியாது போலிருக்கிறது.

அன்புடன்
பாண்டியராஜ்


வடமதுரை
2.8.1998

ஏலே பாண்டி,

பச்சப்புள்ள மேல பழியத் தூக்கிப் போட்டியே, ஒனக்கு நெஞ்சு கூசல?

நான் சௌகத் அலி சார்கிட்ட கெஞ்சி, பள்ளிக்கூடம் விட்டப்புறம் தனியா ஒக்காந்து அந்தக் கேசட்ட மறுபடியும் பாத்தேன். தையக்கடை வச்சிருக்கவளுக்கு என்ன வெளங்கும்னு நெனச்சிருப்ப. நானும் பன்னெண்டு வரைக்கும் படிச்சவதான், ரெண்டு தடவ ஓட்டிப் பாத்தா வெளங்காமப் போகுமா? எங்கம்மா அடுத்தவங்க தோட்டத்துல பூப்பறிச்சு என்னயப் படிக்க வச்சா, நான் காலேஜ் முடிக்கிறதுக்குள்ள மருந்து மாத்திரைக்கு வழியில்லாமப் போய்ச் சேந்தா, அவளுக்குச் செய்ய முடியாதத இந்தப் பிள்ளைகளுக்குச் செய்யிறேன். இப்படிப் பேசுனது ஒன் வாய்தானே? மாலைய அந்தப் பவித்ரா போட்டுச்சு, சரி. அம்மாவச் சாகடிச்சது யாரு?

நீ காலேஜ் முடிச்சப்ப அம்மா பஸ்ஸேறி வந்து, ஒன் பட்டத்தத் தலைகீழாப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சேடா. நான் அழுதுக்கிட்டேதான் எழுதுறேன், எழுத்து கலைஞ்சிருந்தா அதுனாலதான்.

அம்மாகிட்ட நீ எழுதுன கடுதாசிய மட்டும் படிச்சுக் காட்டுனேன். ஒன் பேச்சப் பத்தி மூச்சு விடல. சின்னஞ்சிறுசுக தெரியாமப் பண்ணிருச்சுகன்னு அம்மா சொல்லிட்டு, மறுநாளே என்னய இழுத்துக்கிட்டு திண்டுக்கல் போச்சு. பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல ஸ்டுடியோ. போட்டோக்காரர், ஆடாம அசையாம வாய மூடி ஒக்காருங்க பெரியம்மாங்கிறாரு. அம்மா கேக்கவே இல்ல. செத்தவதான் வாய மூடிக்கிட்டு இருப்பா, எனக்குப் பல்லு தெரியணும்யான்னு ஒரே பிடி. முன்பல்லு ஒண்ணு இல்ல, வெத்தலக் கறை வேற. ஆனாலும் பாண்டி, நான் இம்புட்டு நல்லா அம்மாவப் போட்டோவுல பாத்ததே இல்ல.

அதத்தான் பிரேம் போட்டு ரிஜிஸ்டர் பார்சல்ல அனுப்பிருக்கேன். அடுத்த வருச விழாவுல இத மாட்டணுமாம், மாலை போடாம மாட்டணுமாம், நான் இருக்கேன்னு அந்த முந்நூறு பேருக்கும் சொல்லணுமாம். அம்மா வாயால கேட்டது இது ஒண்ணுதான். வேற எதையும் அது ஒங்கிட்டக் கேட்டதில்ல.

அக்கா


எடிசன்
11.10.1998

அக்கா,

பார்சல் வந்தது. பிரிக்கவில்லை. பிரிக்கத் தைரியம் இல்லை.

இனி உன்னிடம் மறைத்துப் பயனில்லை. நான் வந்த இரண்டாம் வருடம், தொண்ணூற்றிரண்டில், என்னைக் கூட்டி வந்த கம்பெனியை மூடிவிட்டார்கள். விசா முடிந்தது. நான் திரும்பவில்லை. ஆறு வருடமாக முறையான காகிதம் இல்லாமல்தான் இருக்கிறேன். வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். உங்களுக்கு ஒவ்வொரு வருடமும் வேலை, வேலை என்று எழுதினேன். இங்கே இருப்பவர்களுக்கு என்ன சொல்வது? ஒவ்வொருவரும் பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போய் வருவார்கள். நீ போகவில்லையா ராஜ், அம்மாவைப் பார்க்க வேண்டாமா என்று கேட்பார்கள். ஒரு நாள் சங்கத் தலைவி மேத்தா அம்மா, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டுவிட்டார். அம்மா இல்லை என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்குப் பிறகு யாரும் கேட்கவே இல்லை. அந்த நிம்மதி பழகிவிட்டது.

கேடயம் கொடுக்கிறோம், உன் கதையைச் சொல் என்றபோது, இல்லாத அம்மாவுக்கு ஒரு சாவும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அழுதார்கள் அக்கா. அந்த வருடம் வந்த நிதியைப் போல என்றும் வந்ததில்லை. இப்போது போய் எல்லாம் பொய் என்றால், கொடுத்தவர்கள் சங்கத்தை என்ன நினைப்பார்கள்? பிள்ளைகளுக்குக் கூரை போய்விடும்.

இருந்தாலும் சொல்கிறேன். வக்கீல் மூலம் மனு போட்டிருக்கிறேன், கிரீன் கார்டு வந்தால் பயமில்லை. வருகிற ஏப்ரலில் அடுத்தவருக்குக் கேடயத்தை நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும், அன்றைக்கு என்னைப் பேசவும் சொல்வார்கள். அப்போது படத்தை மாட்டி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவிடம் சொல்.

பாண்டி


வடமதுரை
20.12.1998

தம்பி,

விசா சமாச்சாரத்த அம்மாகிட்டச் சொல்லிட்டேன். சொல்லாம முடியல. இதுக்குக் கீழ இருக்கது அம்மா சொல்லச் சொல்ல எழுதுனது. ஒரு வார்த்த மாத்தக்கூடாதுன்னு பக்கத்துலயே ஒக்காந்திருக்கு.

அப்பு பாண்டி, அக்கா படிச்சுக் காட்டாம முழுங்குனது எனக்கு அன்னிக்கே தெரியும். டிவியில நீ பேசும்போது கண்ணத் தொடைக்கல, மூக்கத் தொடச்ச. சின்னதுல பொய் சொல்லும்போதெல்லாம் அப்படித்தான் பண்ணுவ. நீ என்னயச் செத்துட்டேன்னு சொன்னதுல வருத்தம் இல்லன்னு சொல்ல மாட்டேன். வருத்தம்தான். பெத்த வயிறு எரியத்தான் செய்யிது. ஆனா காயிதம் இல்லாம ஒத்தையில அம்புட்டு வருசம் பயந்துக்கிட்டே இருந்திருக்க, அத எனக்குச் சொல்லாம விட்டியே, அது அதவிட எரியிது. என்னயக் கொல்லுறதுக்கு ஆறு வருசம் எடுத்துக்கிட்ட, உசுரு குடுக்குறதுக்கு ஏப்ரல் வரைக்கும் எடுத்துக்க. எனக்கு என்ன அவசரம். பல்லு தெரியிற போட்டோவ நல்லாத் தொடச்சு மாட்டு. அங்க குளிருமாம்ல, காத மூடிக்க.

அம்புட்டுத்தான். சொல்லி முடிச்சுட்டு வெஞ்சனத்துக்குக் கத்திரிக்கா அரியப் போயிருச்சு. நீ சொன்ன வாக்கக் காப்பாத்து.

அக்கா


எடிசன்
9.5.1999

அக்கா,

விழா முடிந்து மூன்று வாரமாகிறது. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிடுகிறேன்.

படத்தைக் காரில் எடுத்துக்கொண்டுதான் போனேன். டிக்கியில் இருந்தது. முதல் பந்தி முடிந்ததும் போய் எடுத்து வரலாம் என்றிருந்தேன். எனக்கு முன்னால் பவித்ரா பேசினாள். ராஜ் அங்கிள் அம்மாவின் கதையைக் கேட்டதிலிருந்துதான் என் அம்மாவோடு சண்டை போடுவதை நிறுத்தினேன் என்றாள். அவள் அம்மா கீழே உட்கார்ந்து அழுகிறார். அதற்குப் பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள். போனேன். வந்தவர்களுக்கு நன்றி சொன்னேன், கேடயத்தை எடுத்துக் கொடுத்தேன், இறங்கிவிட்டேன்.

படம் இன்னும் டிக்கியில்தான் இருக்கிறது. நீ என்ன திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த வருடம் கட்டாயம்.

பாண்டி


வடமதுரை
6.6.1999

பாண்டி,

திட்ட மாட்டேன். திட்டுற யோக்கியத எனக்கும் போயிருச்சு.

ஒன் கடுதாசி வந்த அன்னிக்கு அம்மா வாசல்லயே நின்னு, மாட்டுனானா, என்ன சொன்னாங்கன்னு கேட்டுச்சு. அந்த மொகத்தப் பாத்துக்கிட்டு என்னால முடியல. மாட்டிட்டான்மா, மாலை போடல, எல்லாரும் எந்திரிச்சு நின்னு கையத் தட்டுனாங்களாம்னுட்டேன். வாய் கூசாம வந்துருச்சுடா. ஒரே ரத்தம்தான நாம. அம்மா நடுவீட்டுல ஒக்காந்து சின்னப்புள்ள மாதிரி சிரிச்சுச்சு. ஒனக்கு ஆயுசு கெட்டின்னு சொன்னவளுக வீட்டுக்கெல்லாம் அன்னிக்கே போய்ட்டு வந்துருச்சு.

இப்ப அந்தக் கேசட்டு எப்ப வரும்னு கேக்குது. தெனமும் கேக்குது. சைதூன்கிட்டயும் டெக்கு வேணும்னு சொல்லி வச்சிருச்சு. ஒரு வாரமா மேலுக்கு முடியாமப் படுத்திருக்கு, நெஞ்செல்லாம் கபம். டாக்டரு ஊசி போட்டாரு. படுத்துக்கிட்டே, தபால்காரர் வந்தாரான்னுதான் கேக்குது. நான் எத்தன நாளைக்குப் பொய் சொல்ல? ஒண்ணு நீ ஊருக்கு வா. இல்ல, அந்தச் சங்கத்துச் செவுத்துலயாவது போட்டோவ மாட்டி, அத ஒரு படம் புடிச்சு அனுப்பு. அம்மா பாத்துட்டுப் போட்டும்.

அக்கா


வடமதுரை
5.9.1999

பாண்டி,

வியாழக்கெழம பூத்துலேர்ந்து ஒனக்குப் போன் போட்டப்ப நான் மச்சான் கையில குடுத்துட்டேன். அவருதான் ஒங்கிட்டச் சொன்னாரு. நீ அந்தப் பக்கம் அழுதது எனக்குக் கேட்டுச்சு.

விடிகாலமா போயிருச்சு. கஷ்டப்படல. மொத நாள் சாயங்காலம் ரெண்டு வாய் கஞ்சி குடிச்சுச்சு. ஜூன்லேர்ந்து ஒங்கிட்டயிருந்து ஒரு வரி இல்ல, படமும் வரல. ஆனா அம்மா ஒரு கொறையும் சொல்லல. கேசட்டு வந்தா நான் இல்லாட்டியும் பள்ளிக்கூடத்துல போடச் சொல்லு, போன தடவ பாத்த பிள்ளைக பாக்கணும்லன்னு மட்டும் சொல்லுச்சு.

சௌகத் அலி சார் வந்து கால்மாட்டுல நின்னுக்கிட்டே இருந்தாரு. போகும்போது, அன்னிக்கு நான் அந்தப் படத்தப் போட்டிருக்கக் கூடாதும்மான்னாரு. அவரு என்ன பண்ணுவாரு பாவம்.

நான் இத எழுதுறது ஒண்ணுக்காகத்தான். அந்தப் போட்டோ வேணும். வீட்டுல மாட்டுறதுக்கு வேற போட்டோ இல்ல. என் கல்யாணப் போட்டோ இருக்கு, ஆனா நீங்க மாலை போட்ட அந்த மொகத்துக்கு நான் மாலை போட மாட்டேன். அதுக்குத்தான் அம்மா அன்னிக்கே தலை முழுகிருச்சு. ஸ்டுடியோவுல கேட்டேன், நெகட்டிவ் இல்லங்கிறாங்க. பல்லத் தெறந்து சிரிக்கிற போட்டோவுக்கு மாலை போட்டா நல்லாவா இருக்கும்னு மச்சான் கேக்குறாரு. அதுக்குத்தான் போடணும்னு சொல்லிட்டேன்.

கருமாதிக்கு வந்து சேராது. முப்பதாம் நாளுக்காவது வரணும். நீ வந்தா வா, வராட்டி இரு. போட்டோ வந்தாகணும்.

அறிவு


எடிசன்
17.9.1999

அக்கா,

கடிதம் நேற்று வந்தது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், படித்துவிட்டு நீ என் மூஞ்சியில் விழிக்காவிட்டாலும் சரி. கிரீன் கார்டு பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. ஏழு மாதமாகப் பீரோவில் இருக்கிறது. எந்த நாளும் விமானம் ஏறியிருக்கலாம். மேடையில் சொல்லாமல் அம்மா முன்னால் எப்படிப் போய் நிற்பது என்று பயந்தேன். மூக்கைத் துடைத்தால் கண்டுபிடித்துவிடுமே. நீ படம் பிடித்து அனுப்பச் சொன்ன கடிதத்தையும் படித்துவிட்டு மடித்து வைத்தேன். அம்மாவுக்கு என்ன அவசரம் என்று நானும் நினைத்துவிட்டேன்.

போன் வந்த அன்றைக்கு மதியம் சங்கத்துக்குப் போனேன். மேத்தா அம்மாவிடம், எங்க அம்மா இறந்துட்டாங்க என்றேன். அவர் என் தோளைத் தட்டினார். தெரியுமே ராஜ், அதை நீ எவ்வளவு அழகாகச் சொன்னாய் என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு காரில் வந்து உட்கார்ந்தேன். ரெண்டு வாரமா வேலைக்குப் போறேன், வாரேன். அம்மா செத்ததுக்கு ஒரு ஆளு என்கிட்ட துக்கம் கேக்கலக்கா. கேக்க மாட்டாங்க. அவங்க கேட்டு முடிச்சுட்டாங்க.

நேத்து ஒன் கடுதாசியப் படிச்சுட்டு டிக்கியத் தெறந்தேன். ஒரு வருசம் கழிச்சு அந்தப் பார்சலப் பிரிச்சேன். அம்மா சிரிக்கிது. நான் அங்கயே கீழ ஒக்காந்துட்டேன்.

அப்புறம் எடுத்துக்கிட்டு சங்கத்துக்குப் போனேன். பிள்ளைக எல்லாம் இருந்துச்சுக. கேடயமெல்லாம் மாட்டியிருக்கிற செவுத்துல, என் படத்தக் கழட்டிட்டு, அந்த ஆணியில அம்மாவ மாட்டுனேன். இதுதான் எங்கம்மா மூக்காயி, இந்த மாசம் ரெண்டாம் தேதி வரைக்கும் உசுரோட இருந்துச்சு, நான் ஒங்கள்ட்ட பொய் சொன்னேன்னு சொன்னேன். காயிதம் இல்லாமக் கெடந்ததையும் சொன்னேன், கேடயத்தையும் திருப்பிக் குடுத்தேன். மேத்தா அம்மா எந்திரிச்சு ரூமுக்குள்ள போயிட்டாங்க. சங்கம் என்ன ஆகும், கேடயத்தத் திருப்பிக் குடுத்தது போதுமா, ஒண்ணும் தெரியல. பவித்ரா மட்டும் போட்டோகிட்டப் போய் நின்னுச்சு. அப்ப நான் உயிரோட இருந்தவங்களுக்கா மாலை கட்டுனேன்னு கேட்டுச்சு. ஆமாம்னேன். பிள்ள தன் ரெண்டு கையையும் விரிச்சுப் பாத்துச்சுக்கா. அத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.

கெளம்பும்போது, இப்பப் போடலாமா அங்கிள்னு கேட்டுச்சு. வேணாம்மா, அது எங்கக்கா போடணும்னு சொல்லி எறக்கி எடுத்துக்கிட்டேன்.

டிக்கெட் போட்டாச்சு. இருபத்தொம்பதாம் தேதி ராத்திரி மெட்ராஸ் எறங்கி, அங்கேர்ந்து திருச்சி வழியா பஸ்ல வாரேன், முப்பதாம் தேதி மத்தியானம் வீட்டுல இருப்பேன். போட்டோவ மடியில வச்சுக் கொண்டாரேன். செவுத்துல ஆணி மட்டும் அடிச்சு வையி. அம்மா கேட்ட மாதிரி ஒரு நாளு மாலை போடாம மாட்டி வைப்போம். மறுநாள் நீ போடு.

பாண்டி